பரண்வாசி

நியூயார்க்கின் பரண்வாசியை அடையாளம் காண்பது சுலபம். வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்குமுன் சுவரைக் காட்டுவான். "தொட்டுப் பாருங்க, ஒரிஜினல் செங்கல்!"

நம் பரண்வாசி கும்பகோணத்துப் பையன். "லாஃப்ட் ஒண்ணு வாடகைக்குக் கிடைச்சிருக்கும்மா" என்று போனில் சொன்னதுதான் அவன் செய்த முதல் தப்பு. நியூயார்க்கில் லாஃப்ட் என்றால் பழைய தொழிற்சாலைத் தளத்தை மாற்றி அமைத்த வீடு. ஊரில் லாஃப்ட் என்றால் பரண், கொலு பொம்மைகளும் வெண்கலப் பானையும் ஓடாத ஃபேனும் குடியிருக்கும் இடம். "ஏண்டா, படுக்க ஏணி வச்சா ஏறணும்?" என்று அம்மா பதறிவிட்டாள்.

குடியிருப்பது ப்ரூக்ளினில், டம்போ. மன்ஹாட்டன் பாலத்தடி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பாலத்தடியில் குடியிருக்கிறான் என்றால் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்; இங்கே அதற்குத்தான் வாடகை கூடுதல். வீட்டுக்காரர் கணக்கும் கறார்: மாத வாடகையைப் போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் இருந்தால்தான் சாவி.

வீடியோ காலில் சுவரைப் பார்த்த அம்மா கேட்டாள்: "பூச்சு வேலை பாக்கி இருக்கறப்பவே குடி வந்துட்டியா? வாடகையிலே கழிச்சுக்கச் சொல்லு." காசு தீர்ந்தால்தான் சுவர் பூசாமல் நிற்கும் என்பது அவள் அறிந்த உலகம். காசு மிஞ்சியதால் பூசாமல் விடும் உலகத்தை அவளுக்கு எப்படி விளக்குவது?

வரலாறு கேட்டால் பரண்வாசி நிமிர்ந்து உட்காருவான். ராபர்ட் கெயர் என்பவர் அட்டைப்பெட்டி செய்து கொழித்த தொழிற்சாலைகள் இந்தப் பகுதியில்தான். ஆற்றுக்கு அக்கரையில் சோஹோ. அங்கே 1960களில் தொழிற்சாலைகள் காலி செய்துவிட்டுப் போன தளங்களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்குத் திருட்டுத்தனமாகக் குடியேறினார்கள். பெரிய கான்வாஸுக்குப் பெரிய இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1971இல் நகர நிர்வாகம் இறங்கிவந்து, கலைஞர் என்று சான்றிதழ் வாங்கியவர்கள் சட்டப்படி குடியிருக்கலாம் என்றது. பின்னாலேயே பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, ஓவியர்களில் பலர் இறங்கிப் போனார்கள். அன்று கேட்டது கலைஞன் என்ற சான்றிதழ். இன்று கேட்பது சம்பளச் சீட்டு. கலைக்குச் சாட்சியாக நம்மவன் மூலையில் ஒரு கிதார் வைத்திருக்கிறான். அதில் தூசி தட்டும் ஓசை மட்டும் எழும்.

பதினான்கு அடி உயரக் கூரை. ஹீட்டரின் சூடெல்லாம் மேலே போய்விட, கீழே ஸ்வெட்டரோடு இவன். வீட்டில் உள்சுவரே கிடையாது. கடுகு தாளித்தால் நெடி நேரே போய்த் தலையணையில் படுக்கும். மறுநாள் ஆபீஸ் சட்டையில் ரசம் மணக்கும். கதவுள்ள ஒரே அறை குளியலறை என்பதால் மேனேஜரோடு பேசுவதெல்லாம் அங்கிருந்துதான். பாலத்தில் ரயில் போகும்போது டம்ளர்கள் தாமாகத் தாளம் போடும். கேட்டால், "இண்டஸ்ட்ரியல் ஃபீல்" என்பான்.

கோடையில் அம்மா வந்தாள், இரண்டு பெரிய பெட்டிகளோடு. சுற்றிலும் அண்ணாந்து பார்த்தாள்.

"லாஃப்ட் எங்கடா?"

"இதுதாம்மா லாஃப்ட்."

"அது சரி. பெட்டியைத் தூக்கி வைக்க லாஃப்ட் எங்கே?"

பரண்வாசி விழித்தான். இல்லை. பெட்டி செய்தே பேர் வாங்கிய பேட்டையில் பெட்டி வைக்க ஒரு பரண் இல்லை. கடைசியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஒரிஜினல் செங்கல் சுவரோரம் நிறுத்தினான்.

சனிக்கிழமை வந்த தமிழ் நண்பன், இன்னொரு பரண்வாசி, அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையைச் சாய்த்து ரசித்தான். "பிரமாதம். இன்ஸ்டலேஷனா?"

அம்மா முந்திக்கொண்டாள்: "இல்லப்பா, ஊறுகாய்."