பதிவுக் கட்டணம் மட்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி நடிகனாகப் போகிறான். அப்பா தறிக்குழியில் காலை விட்டுக் கோர்வை போட்டுக்கொண்டிருக்க, இவன் திண்ணைத் தூணில் போனைச் சாய்த்து வைத்து, அழுகை, கோபம், காதல் மூன்றையும் ஒரே நிமிடத்தில் நடித்து அனுப்புகிறான். மூன்றுக்கும் ஒரே முகம். அதைச் சொல்லி நான் ஏன் பொல்லாப்பைத் தேடிக்கொள்ள வேண்டும்?

சென்னையில் ஒரு 'கோஆர்டினேட்டர்' கிடைத்துவிட்டாராம். "முகவெட்டு பிரமாதம் தம்பி, பதிவுக் கட்டணம் 5,000 மட்டும் போட்டுவிடு" என்றிருக்கிறார். முகவெட்டைப் பார்க்கும் முன்பே ஜிபே எண் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்தது, அது நின்றுபோக, வி.சி.கணேசன் வேஷம் கட்டினார். பார்த்த பெரியார் 'சிவாஜி' என்றார். பெயர் வைத்ததற்குக் கட்டணம் கேட்கவில்லை. 1952-இல் 'பராசக்தி'யின்போது கணேசனை மாற்றச் சொன்னவர்கள் உண்டு, தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் அசையவில்லை.

இதைச் சொன்னேன். தம்பி ஆர்வமாகக் கேட்டான்: "அந்தப் பெருமாள் நம்பர் இருக்காண்ணே?"

வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கையைக் காட்டினேன்.