ஒண்டுக்குடித்தன எழுத்துகள்

1993 கடைசியில் நியூ ஜெர்சியில் போய் இறங்கியபோது எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நானும் நம்பினேன், என்னை அனுப்பிய கம்பெனியும் நம்பியது. படிப்பேன், எழுதுவேன், மடமடவென்று பேசவும் செய்வேன். அமெரிக்கர்கள் பேசினால்தான் புரியாது. டிவியில் 'சைன்ஃபெல்ட்' ஓடும், கூட்டம் சிரிக்கும், அறைத்தோழர்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்து வைப்போம்.

எங்களைக் காப்பாற்றியது, காது கேளாதவர்களுக்காக வந்த ஒரு சட்டம். 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலுமான புதிய டிவி எதுவானாலும் உள்ளேயே கேப்ஷன், அதாவது பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி இருந்தாக வேண்டும் என்று 1990-இல் விதித்திருந்தார்கள். அதற்கு முன்பு கேப்ஷன் பார்க்கத் தனிப்பெட்டி வேண்டும்; 1980-இல் சியர்ஸ் கடையில் அதன் விலை சுமார் 250 டாலர். கேளாதவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் பெற்றதை, காது நன்றாகக் கேட்கும் நாலைந்து தமிழ்ப் பையன்கள் ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கி அனுபவித்தோம். எங்கள் ஆங்கிலம் மளமளவென்று தேறியது.

அந்த எழுத்து எங்கிருந்து வருகிறது? பழைய பெட்டிகளில் படம் உருளும்போது நடுவே ஒரு கறுப்புப் பட்டை ஏறி இறங்குமே, மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்பிய தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எலக்ட்ரான் கற்றை திரையின் அடிவரை வரைந்து முடித்து, மறுபடி உச்சிக்குத் திரும்பும் நேரம் அது. வரைய ஒன்றுமில்லாததால் சில கோடுகள் வெறுமனே போகும். அமெரிக்க முறையில் முழுப் படத்துக்கு 525 கோடு. படம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரும் 21-ஆவது கோட்டில் எழுத்தைக் குடிவைத்தார்கள். வீட்டுக்காரருக்குத் தொந்தரவே தராத ஒண்டுக்குடித்தனம்.

கோடு தொடங்கியதும் ஏழு சிற்றலைகள் வந்து, எழுத்தைப் பிரித்தெடுக்கும் டிகோடரைத் தாளத்துக்குக் கொண்டுவரும். பின்னாலேயே 16 பிட். அதாவது இரண்டே இரண்டு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் 7 பிட், காவலுக்கு ஒரு பிட். எட்டிலும் உள்ள 1-களை எண்ணினால் ஒற்றைப்படையாக வர வேண்டும். வராவிட்டால் எழுத்து வழியில் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் டிகோடர் ஒரு வெள்ளைக் கட்டியை வைத்துவிடும். நொடிக்குச் சுமார் 30 படம், படத்துக்கு இரண்டு எழுத்து, ஆக நொடிக்கு 60 எழுத்து. எந்த வாயாடியாலும் அந்த வேகத்தில் பேச முடியாது. 'காட்டு', 'அழி' என்ற கட்டளைகளும் அதே கோட்டில்தான் வரும். அவை தொலைந்தால் வசனமே குழம்பும் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை அனுப்புவார்கள்.

இதில் வேடிக்கை, இந்த வழியைத் தேடியவர்கள் முதலில் எழுத்தை நினைக்கவே இல்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகம் துல்லியமான நேரத்தை டிவி அலையில் மறைத்து அனுப்பப் பார்த்தது. அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. அதே வித்தையால் வசனத்தை அனுப்பி, 1972-இல் கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் காட்டினார்கள். 1976-இல் 21-ஆவது கோடு கேப்ஷனுக்கென்று ஒதுக்கப்பட்டது. 1980 மார்ச் 16 முதல் ஒளிபரப்பு ஒழுங்காக நடந்தது. நேரலை நிகழ்ச்சிகளுக்கு, கோர்ட்டில் வாக்குமூலம் எடுக்கும் சுருக்கெழுத்துக்காரர்களின் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்து அடித்தார்கள். செய்தி வாசிப்பவர் புயலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் புன்னகையோடு விளையாட்டுக்குப் போயிருப்பார். கீழே புயல் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வீடியோ கேசட்டில் பதிவு செய்தாலும் அந்தக் கோடு பிழைத்து வரும். இந்திய மளிகைக் கடையில் புளியோடும் அப்பளத்தோடும் வாடகைக்கு எடுத்த தமிழ்ப்படக் கேசட்டுகளில் மட்டும் 21-ஆவது கோடு காலி. அங்கே எங்களுக்கு உதவி தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி. அதற்கும் செட்டாப் பெட்டிக்கும் நடுவே, கனமான படத்தையும் ஒலியையும் சளைக்காமல் சுமக்கும் எச்டிஎம்ஐ கம்பி. நொடிக்கு 60 எழுத்துப் போகும் அந்தக் கேப்ஷன் தரவுக்கு அதில் இடம் கிடையாது. செட்டாப் பெட்டியே படத்தின் மேல் எழுதித் தர வேண்டும். அதற்கான மெனுவைக் கண்டுபிடிப்பதற்குள் கதாநாயகன் செத்துவிடுகிறான். இங்கேயே பிறந்து, பேச்சில் துளிகூடத் தமிழ் வாடை இல்லாத என் மகள், ஆங்கிலப் படத்தைக் கேப்ஷன் இல்லாமல் பார்ப்பதில்லை. நடிகர்கள் முணுமுணுக்கிறார்களாம். இணையக் கூட்டங்களில் இயந்திரம் கேப்ஷன் போடுகிறது, கண நேரத்தில். நான் தஞ்சாவூர் என்றால் திரையில் 'டான் ஜோர்' என்று யாரோ வருகிறார். பிழை என்று காட்ட வெள்ளைக் கட்டிகூடக் கிடையாது.

2009 ஜூன் 12-இல் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு முடிந்தது. டிஜிட்டலுக்குப் புதிய கேப்ஷன் முறை வகுத்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய இரண்டெழுத்துப் பொட்டலங்களை டிஜிட்டல் அலைக்குள் சேர்த்தே இன்றும் அனுப்புகிறார்கள். 21-ஆவது கோடுதான் இப்போது கிடையாது.