பூட்டும் சாவியும்

கேள்வி: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே சார், இனி என் விவரங்களை யாரும் தொட முடியாதுதானே?

பதில்: 17-வது பிரிவைப் படிக்காதவரை நிம்மதியாகத் தூங்கலாம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி மத்திய அரசு ஓர் அரசு அமைப்பை அறிவிக்கையில் சேர்த்துவிட்டால், அதற்கு இந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தாது. வீட்டைப் பூட்டிச் சாவியை ஏட்டய்யாவிடம் கொடுத்துவைத்த கதைதான்.

கடன் தவணை தவறினீர்களா? உங்கள் சொத்து, கடன் விவரங்களைத் துருவுவதற்கும் விலக்கு உண்டு. அரசு மனம் வைத்தால் ஸ்டார்ட்அப்களுக்கும் சில சலுகைகள். உங்கள் சித்தப்பா சொந்த ஆர்வத்தில் உங்கள் சம்பளத்தை டைரியில் குறித்துக்கொண்டால், அவரையும் சட்டம் தொடாது. (சித்தப்பாக்களை எந்தச் சட்டம்தான் தொட்டிருக்கிறது!)

இதெல்லாம்கூடப் போகட்டும். எனக்கு உறுத்துவது 44-வது பிரிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-வில் 'பொதுநலன் பெரிதென்றால் தரலாம்' என்றிருந்த பகுதியை வெட்டி, 'தனிநபர் தகவலா, தர வேண்டியதில்லை' என்று சுருக்கிவிட்டது. 8(2)-இல் பொதுநலனுக்கு வழி இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது, ஆனால் அந்தக் கதவை முதலில் திறக்க வேண்டியவர், மனு கொடுத்தாலே முகம் சுளிக்கும் அதே அலுவலகத்து அதிகாரி.

உங்களை மட்டும் மறந்துவிட்டார்களே என்று வருந்தாதீர்கள். பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று உங்களுக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள்.