முத்துச் சல்லடையிலிருந்து யூனிக்ஸ் பிறந்த வரலாறு

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் பூர்வோத்தரங்களை எழுதப் புகுந்த மேல்நாட்டு ஆசிரியர்கள் யாவரும், யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் கரிய திரையின்மேல் எழுத்துகளைத் தட்டி ஏவப்படுகின்ற கிரெப், சார்ட், யூனிக், கட் முதலிய சிறு கருவிகள் அமெரிக்க தேசத்து நியூஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969க்குப் பிறகு உதித்தவை என்று ஒரே குரலில் சாதிக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தூத்துக்குடிக்கு வந்து விசாரித்ததாகத் தெரியவில்லை. வந்திருப்பார்களேயாகில், அக்கருவிகளின் ஜன்மபூமி மன்னார் வளைகுடாவின் மேல்கரையே என்பதை ஒரு பகற்பொழுதில் கண்டுகொண்டிருப்பார்கள். அந்தக் குறையை நிவர்த்தி செய்வதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற் பிரமாணம் சல்லடை. கடலடிப் பாறைத்திட்டான பாரிலிருந்து எடுத்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவிச் சேகரித்த முத்துக்களை, பித்தளையாற் செய்த பத்துச் சிறு தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலிப்பது அக்காலத்து வியாபாரிகளின் வழக்கம். முதல் தட்டில் 20 துளைகள். அடுத்தவற்றில் முறையே 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசித் தட்டில் 1000. துளை பெருகப் பெருக அதன் வாய் சிறுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். 20 துளைத் தட்டில் தங்கிய முத்து அங்கேயே தன் தரத்தைப் பெற்றது. நழுவியது அடுத்த தட்டுக்குப் போயிற்று. அங்கும் நழுவியது அதற்கடுத்ததற்கு. ஒரு தட்டும் மற்றொரு தட்டின் அலுவலில் தலையிட்டதில்லை. தன்னிடம் வந்த முத்து எந்தப் பாரில் விளைந்தது, எந்தச் சம்மாட்டியின் தோணியில் கரையேறியது என்று குசலம் விசாரித்ததுமில்லை. ஒரு கருவி ஒரே வேலையைச் செய்யவேண்டும், அதைத் திருந்தச் செய்யவேண்டும், விளைவை அடுத்த கருவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கவேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் பிற்காலத்தில் உபதேசித்த சித்தாந்தம் இதனினும் வேறோ?

இரண்டாவது பிரமாணம் காலக்கணக்கு. அரசாங்கத்தார் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். அத்துடன் தட்டுகளுக்குப் பிழைப்புப் போயிற்று. 1964இல் மேற்படி மக்கில்ராய், தோட்டத்துக் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களையும் ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். ஓர் ஆத்மா ஒரு கூட்டை விட்டு மறு கூட்டில் புக மூன்றாண்டு தாராளமாகப் போதும் என்பதைப் புனர்ஜன்மத்தில் நம்பிக்கையுள்ள எவரும் மறுக்கார். 1973இல் கென் தாம்ஸன் ஒரே இரவில் அந்தக் குழாயை யூனிக்ஸில் அமைத்துக் கொடுத்தார். அதே 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினர். இதைத் தற்செயல் என்பார் சொல்லட்டும். தற்செயல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டால் ஆராய்ச்சி என்று ஒன்று மிஞ்சுமா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர்க்கு, கப்பல் ஏஜென்சி ஒன்றில் உத்தியோகம் பார்க்கும் என் மருமகனின் மேஜை போதும். கப்பலில் ஏற்றவேண்டிய கன்டெய்னர்களின் எண்கள் வரிக்கு ஒன்றாகப் பல்லாயிரம் கிடக்க, எந்தக் கம்பெனியின் பெட்டி எத்தனை என்று மேலாளர் கேட்டனுப்பினார். ஒவ்வோர் எண்ணின் முகப்பிலும் உள்ள நான்கெழுத்தை மட்டும் நறுக்கித் தரும்படி கட் என்பதற்கு ஏவி, எண்டர் விசைக்கு மேலே இருக்கும், குழாய்க்கு அடையாளமான செங்குத்துக் கோட்டைத் தட்டி, அதன்பின் சார்ட், மறுபடியும் கோடு, அதன்பின் எண்ணிக்கையும் கேட்டு யூனிக் என்று ஒரே வரியில் எழுதி முடித்தான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் கணக்கு திரையில் நின்றது. நடுவில் சார்ட் எதற்கு, வீண் செலவல்லவா என்று கேட்டேன். யூனிக் ஒரு வரியை அதற்கு அடுத்து நிற்கும் வரியோடுதான் ஒப்பிட்டுப் பார்க்குமாம். அதே வரி பத்து வரி தள்ளி வந்தால் புது விருந்தாளியாகவே உபசரிக்குமாம்; ஒத்த வரிகளை அருகருகே அடுக்கி வைக்கவே சார்ட்டாம். பிறகு வேறொரு கோப்பைப் பிரதி எடுக்க ஏவினான். திரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏதோ கோளாறு என்று நான் பதற, "ஒண்ணுஞ் சொல்லலைன்னா வேலை முடிஞ்சிட்டுன்னு அர்த்தம் மாமா. வாயைத் திறந்தாத்தான் வம்பு" என்றான். பித்தளைத் தட்டுகளும் வேலை முடிந்ததைப் பறைசாற்றியதாகக் குறிப்பில்லை என்பதை இங்கே கவனிக்க.

கிரெப்புக்கும் மூலம் இக்கரையிலேயே உண்டு. சங்கு குளித்துக் கரைசேர்ந்தவுடன் ஒவ்வொன்றையும் அளவு வளையத்தில் இட்டுப் பார்த்து, அதனூடே புகுந்துவிடும் இளஞ்சங்கைக் கடலிலேயே திரும்ப விடுவதும், புகாததை வங்காளத்து வளையல் தொழிலுக்கு அனுப்புவதும் சங்குச்சலாபத்தின் நியதியாக இருந்தது. கேட்ட லட்சணம் உள்ள வரியை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழிக்கும் கிரெப் இதற்குமேல் என்ன சாதித்துவிட்டது? கழிப்பதில்தான் பேதம். கடலில் விட்ட சங்கு வளர்ந்து இன்னொரு பருவத்தில் வரும். கோப்பை அழிக்கும் ஆர்எம் என்னும் ஏவலிடம் கொடுத்தது வராது. குப்பைத்தொட்டியில் போட்டுவைக்கும் தாட்சண்யமும் அதற்குக் கிடையாது. இந்த அம்சத்தில் நம் வளையமே சிரேஷ்டம் என்று தயங்காமல் தீர்ப்பளிக்கிறேன்.

சல்லடை பருமனை மட்டுமே அறியும், ஒளியை அறியாதே என்பது பூர்வபட்சம். வாஸ்தவம். சலித்து முடித்தபின் வியாபாரி வெயிலில் உட்கார்ந்து, இது ஆணி, இது அணாதாரி, இது மசங்கு, இது குறுவல் என்று கண்ணாலேயே பிரித்தார்; உருண்டையும் நீரோட்டமும் ஒருங்கே பழுதற வாய்த்ததே ஆணி. சார்ட் எண்ணையும் எழுத்தையும் வரிசைப்படுத்தும். ஆணிமுத்தை அது அறியாது. ஆகவே பெல் ஆய்வுக்கூடத்தாருக்குப் போய்ச் சேர்ந்தது நம் கலையில் பாதியே என்று கொள்க.

மறுப்புரை எழுத விரும்புவோர் ஒவ்வோர் ஆட்சேபத்தையும் தனித்தனி வரியில் எழுதி, அகரவரிசையில் அடுக்கி அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்; அடுக்காமல் அனுப்பினால், ஒரே ஆட்சேபத்தைப் பலமுறை எண்ணிவிட்ட பழிக்கு யூனிக் பொறுப்பல்ல.