பரீட்சையைத் துறந்த தலைமையாசிரியர்

மே மாதம் தேர்வு முடிவு வந்த மறுநாள் அன்னூர்க் கடைவீதியில் நடந்து பாருங்கள். கோவை, சத்தியமங்கலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று நாலு திக்குச் சாலையும் வந்து சேருகிற ஊர் இது. அவை சேருகிற இடமெல்லாம் பிளெக்ஸ் பலகைகள். பிள்ளைகளின் முகம், பக்கத்தில் மதிப்பெண், மேலே பள்ளியின் பெயர், ஓரத்தில் தாளாளரின் படம். மாநில அளவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. எண்கள் மட்டும் நம்மை விட்டபாடில்லை. அந்தப் பலகைகளில் நான் ஒவ்வொரு வருஷமும் தேடுகிற ஆள் ஒருவர் உண்டு. அந்தப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தலைமையாசிரியர். அவர் படம் பெரும்பாலும் இருப்பதில்லை.

எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எச்செம் என்று கூப்பிடப்பட்ட தலைமையாசிரியர் ஊருக்கே பெரியவர். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அன்னூர்க் கோயில் மன்னீசுவரரைக் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். அவருடைய வீடு எல்லோருக்கும் தெரியும். அவர் பிள்ளைகளும் அதே பள்ளியில், அதே மண் தரையில் உட்கார்ந்து படித்தன. வழியில் ஒரு பையனைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, “ஏஞ்சாமி, ரெண்டு நாளா ஆளக் காணம்? அப்பனுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்பார். கேட்டதோடு நிற்காமல் சாயங்காலம் அந்த வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்காருவார். பருத்தி எடுக்கவும் ஆடு மேய்க்கவும் நிறுத்திய பிள்ளைகள் இப்படிப்பட்டவர்களால்தான் மறுபடி வகுப்புக்குப் போனார்கள்.

அந்தக் காலம் முழுக்கப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். “கண்ணு ரெண்டையும் விட்டுப்போட்டு மிச்சத்த உரிச்சுப்போடுங்க” என்று பெற்றவர்களே வாத்தியாரிடம் சொன்ன காலம் அது. பிரம்படிக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள் உண்டு. பெரியவளானதும் நின்றுபோன பெண் பிள்ளைகள் ஏராளம். இன்று பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலைச் சிற்றுண்டி கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவை பெரிய முன்னேற்றங்கள். இவற்றை மனமார வரவேற்றுக்கொண்டேதான் ஒன்றைக் கேட்கிறேன். வசதிகள் வந்த வழியில் அந்த எச்செம் எங்கே போனார்?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு ஒரு கொங்கு நாட்டுத் தலைமையாசிரியரின் நினைவு வரும். ம.ப. பெரியசாமித் தூரன். 1908-இல் மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். தம் குலக் கூட்டத்தின் பெயரான தூரனையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். அவரைக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் என்று அறிஞர்கள் அறிவார்கள், முருகன் கீர்த்தனைகளை எழுதியவர் என்று சங்கீத ரசிகர்கள் அறிவார்கள். நான் அவரை முதலில் தலைமையாசிரியர் என்றுதான் நினைக்கிறேன். மற்ற எல்லாப் பணிகளும் அந்த வேரிலிருந்து கிளைத்தவை.

அவர் சென்னையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். நன்றாகப் படிக்கிற மாணவர், கணிதக்காரர். நண்பர்களோடு சேர்ந்து ‘பித்தன்’ என்று ஒரு இதழும் நடத்தியவர். 1931 மார்ச் 23 அன்று பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அந்தத் துயரத்தில் தூரன் இறுதித் தேர்வை எழுத மறுத்துவிட்டார். ஒரு விவசாயக் குடும்பம் பாடுபட்டுச் சென்னைக்கு அனுப்பிய பிள்ளை, பட்டத்தின் வாசலில் நின்று திரும்பினார் என்றால் அந்தக் காலத்தில் அதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்டவரைத்தான் கோவை ராமகிருஷ்ண வித்யாலயம் தன் பிள்ளைகளின் தலைமையாசிரியராக வைத்துக்கொண்டது.

வித்யாலயத்தைத் தி.சு. அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கினார். திருப்பூர்க்காரர், காந்தியவாதி, திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்வைக் கல்விக்கே கொடுத்தவர். எங்கள் அன்னூருக்குத் தென்மேற்கே, குருடிமலை தெரிகிற பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயம் அமைந்தது. அங்கே கட்டடத்துக்கு 1934-இல் காந்தியே அடிக்கல் நாட்டினார். குருகுல முறை. பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். விடியலில் பிரார்த்தனை, பிறகு பாடம், தோட்ட வேலை, கதர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டு உறங்குவதே ஒரு பெரிய செய்தியாக இருந்த காலம்.

துறவு மனம் கொண்டோர் நிறைந்த அந்த இடத்தில் தூரன் இல்லறத்தார். 1939-இல் மணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். 1948 வரை அந்தப் பள்ளியின் பணியில் இருந்தார். தகப்பனாகவும் தலைமையாசிரியராகவும் ஒரே சமயத்தில் வாழ்ந்ததன் பலனை அவர் எழுத்தில் பார்க்கலாம். ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘கருவில் வளரும் குழந்தை’ என்று அவர் எழுதிய நூல்களின் தலைப்புகளைப் பாருங்கள். தமிழில் உளவியல் என்ற சொல்லே பலர் காதில் விழாத நாளில், ஒரு பையன் ஏன் முரண்டு பிடிக்கிறான், ஒரு பெண் ஏன் சட்டென்று பேச்சைக் குறைக்கிறாள் என்று உட்கார்ந்து யோசித்துப் பெற்றவர்களுக்காக எழுதினார். பிரம்பு ஓங்கிய காலத்தில், பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்ட தலைமையாசிரியர் அவர்.

இன்று ஆலோசகர் என்று ஒரு தனி ஆளைப் பள்ளிகள் வைக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆலோசகரிடம் பிள்ளை போவது ஏதாவது நடந்த பிறகு. தலைமையாசிரியர் பிள்ளையைப் பார்ப்பது தினமும். அவரைப் பார்க்க விடாமல் செய்வது எது என்று பார்த்தால், அரசுப் பள்ளியில் எமிஸ் என்ற கல்வித்துறைச் செயலியில் ஏற்றவேண்டிய பதிவேடுகள், தனியார் பள்ளியில் சேர்க்கை எண்ணிக்கையும் கட்டண பாக்கியும் தேர்ச்சி விழுக்காடும். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய நேரத்தை நாம் வேறு எதற்கோ கொடுத்துவிட்டோம்.

பள்ளிக்கு நடந்ததுதான் பக்திக்கும் நடந்திருக்கிறது; அதையும் எண்கள் பிடித்துக்கொண்டன. தூரனின் பக்தி முருகனிடம் போய் நின்ற பக்தி. சென்னிமலையும் சிவன்மலையும் மருதமலையும் சூழ்ந்த கொங்கு மண்ணில் அது இயல்பு. விநாயகன், அம்பிகை, கண்ணன் என்று எல்லோரையும் பாடினாலும் மனம் குடிகொண்ட இடம் குமரன். ‘இசைமணி மாலை’, ‘முருகன் அருள்மணி மாலை’ என்று தொகுதிகள் வந்தன. பெரிய வித்துவான்கள் கச்சேரி மேடைகளில் அந்தக் கீர்த்தனைகளைப் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள். தமிழிசைச் சங்கம் 1972-இல் இசைப் பேரறிஞர் பட்டம் தந்தது. அந்தப் பாடல்களில் அவர் கேட்பது அருளும் அடைக்கலமும். இன்று பொதுத் தேர்வுக்கு முன்னால் நம் கோயில்களில் ஹால் டிக்கெட்டும் பேனாவும் சாமி பாதத்தில் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகளின் பயம் எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தோடு அவர்கள் கடவுளிடம் போவதும் சரிதான். கடவுளிடம் கேட்கக்கூடியது மதிப்பெண் ஒன்றுதான் என்று அவர்களைப் பழக்கியது நாம். எனக்கு அதுதான் வலிக்கிறது.

தூரனின் பக்தி அறிவை எதிர்த்து நின்றதே இல்லை. 1946-இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான அவிநாசிலிங்கம், அதே ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். தமிழில் ஒரு முழுக் கலைக்களஞ்சியம் கொண்டுவரும் பொறுப்புக்கு அவர் தேடிக் கண்ட ஆள், பெரியநாயக்கன்பாளையத்துத் தலைமையாசிரியர்தான். தூரன் முதன்மை ஆசிரியரானார். முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது, பத்தாவது 1968-இல். அணுவும் ஆகாயமும் யாப்பும் பயிரும் நோயும் மருந்தும் தமிழில் அகர வரிசையில் வந்து நின்றன. அதே 1968-இல் பத்மபூஷண் கிடைத்தது. பெரியவர்களுக்கான தொகுதிகளை முடித்தவர் ஓய்ந்து உட்காரவில்லை. உடனே குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி அதையும் முடித்தார். அறுபது வயதில் அந்த வேலையில் இறங்கியதற்கு வகுப்பறையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளையைப் பார்த்துப் பழகிய வாத்தியார், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற புத்தகம் தமிழில் இல்லையே என்று பொறுக்க மாட்டாமல் செய்த காரியம் அது.

கதையையும் விடவில்லை. ‘சூரப்புலி’, ‘மாயக்கள்ளன்’, ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘சங்ககிரிக் கோட்டையின் மர்மம்’ என்று சிறுவர்களுக்கு எழுதினார். கொல்லிமலையும் சங்ககிரியும் நம் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற மலைகள். லண்டனும் நியூயார்க்கும் போகாமல் நம் மலைகளிலேயே மர்மம் உண்டு என்று காட்டியவர். கொங்கு நாட்டில் வளரும் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்புகள் தெரியும்?

நம் கொங்கு நாடு பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிக்கத் தயங்கியதே இல்லை. பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்தவர்களும், விசைத்தறி ஓட்டியவர்களும், ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் காணாத விவசாயிகளும் பிள்ளை படிப்புக்கு மட்டும் கடன் வாங்கினார்கள். அந்தப் பாசத்தின் மேல்தான் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளும் எழுந்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்க அரசு 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைக்க வேண்டி வந்தது. ஒரு தேர்வின் கேட்டைப் போக்க இன்னொரு தேர்வு! 2025-இல் அது கைவிடப்பட்டது. தூரனின் வித்யாலயமும் விடுதிப் பள்ளிதான். பிள்ளைகள் அங்கேயும் வீட்டைப் பிரிந்துதான் இருந்தார்கள். அங்கே அவர்களோடு தோட்டத்தில் நின்று, அவர்கள் மனத்தைப் படித்து, அவர்களுக்காகப் பாட்டும் கதையும் எழுதிய ஒரு மனிதர் தலைமையில் இருந்தார்.

தூரன் 1987 ஜனவரி 20 அன்று மறைந்தார். கலைக்களஞ்சியத் தொகுதிகள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. 2022 முதல் தமிழ் விக்கி அவர் பெயரில் ஒரு விருதை ஈரோட்டில் வழங்கிவருகிறது. அறிஞர்கள் அவரை மறக்கவில்லை. பள்ளிகள்தான் மறந்துவிட்டன.

ஆகவே அன்னூர்ப் பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு தலைமையாசிரியரையும் பார்த்து, “எங்க புள்ளைய நீங்க பேர் சொல்லிக் கூப்புடுவீங்களா?” என்று கேளுங்கள். நூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கவோ தரவிறக்கி வைக்கவோ சொல்லுங்கள். தலைமையாசிரியர்களே, ஒரு நாளில் அரை மணி நேரமாவது பதிவேட்டை மூடிவிட்டுப் பிள்ளைகளின் நடுவே போய் நில்லுங்கள். அரசும் நிர்வாகங்களும் அந்த அரை மணியை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தன் பிள்ளையைப் போல ஊர்ப் பிள்ளைகளையும் பார்க்கிற ஒரு தலைமையாசிரியர் இருந்தால்தான் அது பள்ளிக்கூடம்.