ஒரு கரும்பலகை, ஐந்து வகுப்பு

மரக்காணம் உப்பளக் கரையில், இரண்டு ஆசிரியர் பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர்களைப் போலத் திறமைசாலிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் போன அன்று ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இருந்தவர் கரும்பலகையின் நடுவில் சாக்பீசால் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ. வலப்பக்கம் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு. மூன்றாம் வகுப்பு தரையில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. இரண்டாம் வகுப்புக்கு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாய்ப்பாடு சொல்லித் தந்தாள். டீச்சர் மாலைவரை குரலை உயர்த்தவே இல்லை.

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வரையறுத்தது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்கிற அந்தக் கணக்கு இன்னும் சரிந்து விழாமல் நிற்பது இவர்கள் கையால்தான்.

பிள்ளைகளின் பொறுமையையும் சொல்ல வேண்டும். வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்ற அம்மாக்கள் இருட்டோடு பாத்திக்குப் போய்விடுவார்கள். தங்கைக்குத் தலைவாரி, இருந்தால் பழைய சோறு போட்டு, கைபிடித்துக் கூட்டிவருவது அக்காள்தான். அவளுக்கே எட்டு வயது இருக்கும். காமராசர் மதிய உணவை 1956இல் கொடுத்தார். காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர 2023 ஆகிவிட்டது. 67 ஆண்டுகள் பிள்ளைகள் பசியோடு வந்து முதல் பாடத்துக்கு உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மாக்களின் மனவுறுதிக்கு ஈடே கிடையாது. ஐப்பசி மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களிலும் கடன் வாங்கித் தனியார் பள்ளி வேனுக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. “டீச்சர் தங்கமானவங்க சார். ஆனா ஒருத்தரே எத்தினி கிளாஸப் பாப்பாங்க?” என்றார் ஒரு தாய். அந்தத் தங்கத்தை மனதார வாழ்த்திவிட்டுத்தான் பிள்ளையை மாற்றினார். தலைக்கணக்குப்படிதான் ஆசிரியர் பணியிடம். இப்படிப் பிள்ளைகள் குறையக் குறைய, மூன்றாவது ஆசிரியர் வரும் வழியும் அடைபடுகிறது.

கடைசியில் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமியைப் புகழ வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு தவறு இல்லாமல், தடுமாறிய பையனுக்கு விரல் மடக்கிக் காட்டி, மூன்று முறை சொல்லித் தந்தாள். அவளுடைய ஐந்தாம் வகுப்புப் பாடம் அன்று நடக்கவில்லை.