முற்றுப்புள்ளி எங்கே?

நாலு வரிக் கவிதைக்கு நாலு பக்கம் விளக்கம் கேட்கிறார்களே, நியாயமா? (பிளஸ் டூ மாணவி, முத்தியால்பேட்டை)

நாலே பக்கம்தானே! ஜேம்ஸ் கசின்ஸின் நூலுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தார், புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர். 1917 டிசம்பரில் ‘ஆர்யா’ இதழில் தொடங்கியது, 1920 ஜூலையில்தான் முடிந்தது. அதுவே ‘தி ஃபியூச்சர் பொயட்ரி’ என்ற தனி நூலாகிவிட்டது.

தேர்வறையில் அவ்வளவு அவகாசம் ஏது? கேள்வியை முதலில் படித்துவிட்டுக் கவிதைக்கு வர வேண்டும். கதைச் சுருக்கத்துக்கு ஒரு வரி போதும். ‘இங்கே உவமை உள்ளது’ என்று பெயர் சொல்லி நிறுத்தினால் பாதிக் கிணறுதான். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்பதே விடை. பிளஸ் டூ பாடத்தில் கமலா தாஸின் ‘மை மதர் அட் சிக்ஸ்டி சிக்ஸ்’ இருக்கிறதல்லவா? முழுக் கவிதையும் ஒரே வாக்கியம். வயதான தாயைப் பிரிந்து விமானம் ஏறப் போகும் மகளுக்கு, நடுவில் முற்றுப்புள்ளி வைக்க எப்படி மனம் வரும்? இதை எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அரவிந்தரே பரீட்சையில் கோட்டை விட்டவர்தானே? (வாசகர், லாஸ்பேட்டை)

பேனாவில் இல்லை, குதிரையில்! 1890-ல் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியவர், 1892-ல் குதிரையேற்றத் தேர்வுக்குப் போகவில்லை. வேலை போயிற்று. பின்னாளில் பரோடா கல்லூரிக்கு ஓர் ஆங்கிலப் பேராசிரியர் கிடைத்தார்.